முதுகு வலி: ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களின் அறிக்கையில் ‘டிஸ்க் டெசிக்கேஷன்’, ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் புடைத்திருப்பது) போன்ற வரிகள் அநேகமாக இருக்கும். ‘டிஸ்க் விலகிவிட்டது, இனிக் குனியவே கூடாது’ என்று வீட்டில் அதற்கு அர்த்தம் சொல்லிவிடுவார்கள். அந்த வரிகளுக்கு உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்?

கறுத்த டிஸ்க்

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க். சுற்றிலும் நார் வளையம், நடுவில் கூழ். இளம் வயதில் இந்தக் கூழில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். வயது ஏற ஏற அது வற்றும்; இதைத்தான் அறிக்கை ‘டெசிக்கேஷன்’ என்கிறது. டிஸ்க்கின் உயரமும் குறையும். எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது. எலும்புகளின் இடைவெளி குறுகியிருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. அதனால், ‘டி2’ வகைப் படத்தில் ஆரோக்கியமான டிஸ்க்கின் நடுப்பகுதி வெண்மையாகவும், வற்றிய டிஸ்க் கறுப்பாகவும் விழும். 2001-இல் வெளிவந்த ஃபிர்மன் முறை இந்த மாற்றத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறது.

ஏன் வற்றுகிறது?

வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து ‘எண்ட்பிளேட்’ என்ற மெல்லிய தகட்டின் வழியே ஊட்டம் கசிந்து வர வேண்டும்; அது குறைந்தால் டிஸ்க் வற்றத் தொடங்கும். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் இந்தக் கசிவைப் படமாகவே பிடித்தார்கள். சாய மருந்தை ஊசியில் செலுத்தி, 24 மணி நேரத்துக்கு அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, மருந்து டிஸ்க்கின் நடுவை எட்ட மணிக்கணக்கில் ஆனது. தகடு சேதமான இடங்களில் அதன் போக்கே மாறியிருந்தது. 2004-இல் வெளியான இந்த ஆய்வு சர்வதேச விருது பெற்றது. டிஸ்க் வற்றுவதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு என்கின்றன ஃபின்லாந்து இரட்டையர் ஆய்வுகள்.

வலியே இல்லாதவர்களுக்கும்

முதுகு வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. 20 வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு ‘பல்ஜ்’. ஆகவே, தேய்மானம் தெரிகிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

எப்போது ஸ்கேன் அவசியம்?

சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர்ச் சிக்கல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, விபத்துக்குப் பிந்தைய வலி ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. இவை இல்லாத சாதாரண முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்; எடுத்தவுடன் ஸ்கேன் தேவையில்லை. பிதுங்கிய டிஸ்க்கும் பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும்.

காலுக்கு இறங்கும் வலி விடாமல் நீடித்து, ஊசியோ அறுவை சிகிச்சையோ பேசப்படும் கட்டத்தில் ஸ்கேன் பெரிதும் உதவும். அப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “படத்தில் அழுந்தியிருக்கும் நரம்பும் எனக்கு வலிக்கும் இடமும் ஒத்துப்போகிறதா?”