ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்துல தோல் வெளுத்துப் போச்சா? பயப்படுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பௌர்ணமி வந்தாலே திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். பலரும் வெறுங்காலில் நடப்பார்கள். மூட்டு வலியோ குதிகால் வலியோ இருந்தால், 'அதுக்குள்ள ஒரு ஊசி போட்டுக்கலாமே' என்று தோன்றும். அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால், தோலில் என்ன நடக்கலாம்?

தோல் ஏன் வெளுக்குது?

மூட்டுக்குள் போக வேண்டிய மருந்து கொஞ்சம் தோலுக்கு அடியில் கசிந்தால், நிறம் தரும் மெலனின் உற்பத்தி அங்கே குறையும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அந்த இடம் வெளுக்கும். நம்ம மாநிறத் தோலில் இது பளிச்சுனு தெரியும்.

குழி விழுறது ஏன்?

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை ஸ்டீராய்டு கரைக்கும். தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள்கூட வெளியே தெரியலாம். குதிகாலில் இது பெரிய பிரச்னை. அங்கே இருக்கும் கொழுப்புதான் நமக்கு மெத்தை. அது கரைந்தால், வெறுங்காலில் நடக்கும்போது வலி கூடும்.

இது வெண்புள்ளியா, தொழுநோயா?

இரண்டும் இல்லை. ஊசியால் வந்த வெளுப்பு ஊசி போட்ட இடத்தை ஒட்டியே இருக்கும். சிலருக்குக் கோடு போலவும் நீளும். வேறு இடங்களிலும் புதிதாக வந்தால் வெண்புள்ளியா என்று பார்க்கணும். தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் என்றால் தொழுநோய் பரிசோதனை அவசியம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் மருத்துவரிடம் காட்டலாம்.

சரியாகுமா?

பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகும். ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். சிலருக்கு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களா ஸ்டீராய்டு க்ரீம் வாங்கித் தடவினால் நிலைமை மோசமாகும்.

ஊசிக்கு முன்னாடி கேளுங்க

* 'இது ஸ்டீராய்டா, பேர் என்ன?' என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்க.
* சுகர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. சில நாட்களுக்குச் சுகர் ஏறும்.
* ஒரே மூட்டில் அடிக்கடி போடாதீங்க. பொதுவாக மூன்று மாத இடைவெளியாவது தேவை.
* ஊசிக்குப் பிறகு காய்ச்சல், வீக்கம், சீழ் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.

வலி குறைந்தது என்பதற்காக மூட்டு சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இந்தப் பௌர்ணமிக்கு முடியலைனா, அடுத்த மாசமும் பௌர்ணமி வரும்!