தூதும் பேழையும்

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் கருவில் புரதங்களைச் செய்தற்குரிய குறிப்புகள் அடங்கியுள்ளன. அவற்றுள் வேண்டியதொன்றைப் படியெடுத்து, கருவின் வெளியே புரதம் சமைக்கும் இடத்திற்குக் கொண்டு செல்லும் பொருளை 1961-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர்.

இத்தூதினையே மருந்தாக்கினால், வேண்டிய புரதத்தை உடலே செய்துகொள்ளும் அன்றோ? எண்ணம் எளிது, வழியோ அரிது. வேற்றுத் தூதென்று உடல் அதனை எதிர்க்கும். கரிக்கோ, வைசுமன் என்னும் இருவர் அதன் எழுத்துகளுள் ஒன்றைச் சிறிது மாற்றி அவ்வெதிர்ப்பைத் தணிக்கும் வழியை 2005-இல் வெளியிட்டனர். 2023-இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆயினும், குருதியிலுள்ள நொதிகள் தூதினை விரைவில் சிதைத்துவிடும். தப்பிச் சென்றாலும், உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வு எளிதில் வழிவிடாது.

ஆகவே, கொழுப்பினாலேயே அதற்கொரு பேழை சமைத்தனர். அதன் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 10,000 பேழைகளை வரிசையாக வைக்கலாம். அதில் நால்வகைக் கொழுப்புப் பொருள்கள் உண்டு. இரண்டு பேழைக்கு உருவும் உறுதியும் தருவன. ஒன்று பேழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது. நான்காவதே வியப்புக்குரியது. அமிலத்தில் அது நேர்மின்னேற்றம் பெறும். குருதியில் பெரும்பாலும் மின்னேற்றமின்றி அமைதியாயிருக்கும். எதிர்மின்னேற்றமுடைய தூதினை அமில நீரில் பற்றிக்கொண்டு பேழையாகிறது. குருதியில் வாளாதிருக்கிறது. உரிய இடம் சேருமுன் வாய் திறவாதவனன்றோ நல்ல தூதன்! உயிரணு பேழையை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பையில் அமிலம் மிகுந்தவுடன் அக்கொழுப்பு மீண்டும் மின்னேற்றம் பெற்றுப் பையின் சவ்வைக் குலைக்க, தூது வெளிப்படுகிறது. இவ்வாறு வெளிப்படுவன நூற்றுள் மிகச் சிலவே. மேலும் நல்ல கொழுப்பை அறிஞர் இன்றும் தேடி வருகின்றனர்.

பேழைக்கு வெப்பமும் பகையாகும். 2020-இல் கொரோனா நோய்க்கென மேனாட்டில் முதலில் ஏற்கப்பெற்ற இவ்வகைத் தடுப்பு மருந்தை, உறைநிலைக்கும் 70 டிகிரி கீழான குளிரில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்துப் பேரையூரின் கோடையோ கடியது. அத்தகைய ஊர்களின் சுகாதார நிலையங்களில், குழந்தைகளுக்குரிய தடுப்பு மருந்துகளை வைக்கும் குளிர்பெட்டிகள் 2 முதல் 8 டிகிரி வரையே காப்பன. மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அப்பெட்டியில் தங்காதேல் அவ்வூரார்க்கு எட்டாக்கனியே.

இக்குறையைப் புனே நகரத்து ஜெனோவா நிறுவனத்தார் கருதினர். மருந்தை உறையச் செய்து, நீரை நீக்கிப் பொடியாக்கினர். ஜெம்கோவாக் என்னும் அம்மருந்திற்கு 2022 சூன் திங்களில் இந்திய அரசின் அவசரகால ஒப்புதல் கிடைத்தது. அப்பொடியை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்து, ஊசி போடுமுன் நீர்மம் கலந்து கொள்ளலாம்.