இரண்டாய்க் கழலும் கைத்தடி

பெங்களூர் பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கில் காலையில் நடக்க வரும் பெரியவர்களில் சிலர் இன்னும் மரக் கைத்தடிதான் வைத்திருக்கிறார்கள். ஊன்றும்போது சுகம், ஆட்டோவில் ஏறினால் அதை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடு. நடுவில் அறுத்து, வேண்டும்போது முறுக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அறுப்பது ஒரு நிமிட வேலை. ஆளின் எடையைத் தாங்கும்படி மறுபடி சேர்ப்பதில்தான் விஷயமெல்லாம்.

மரம் என்பது நெடுக்குவாக்கில் அடுக்கிய மெல்லிய குழல்களின் கட்டு. குறுக்கே அறுத்தால் குழல்களின் வாய்தான் வெளியே தெரியும். அதில் பசை தடவினால் உள்ளே இறங்கிவிடும், பிடிப்பு நிற்காது. குழலின் பக்கவாட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் தச்சர்கள் நீளத்தைக் கூட்ட நேர்வெட்டு வெட்டாமல், எட்டுக்கு ஒன்று என்பதுபோல் நீண்ட சாய்வில் சீவி ஒட்டுகிறார்கள். கழற்ற வேண்டிய தடிக்கு அது சரிப்படாது. இதற்கு வேறு வழி இருக்கிறது: வெட்டுமுகத்தின் நடுவில் நெடுக்குவாக்கில் துளையிட வேண்டும். துளையின் சுவர் முழுவதும் குழல்களின் பக்கவாட்டுதான். 24 மி.மீ. தடியின் வெட்டுமுகம் சுமார் 450 சதுர மி.மீ.; 8 மி.மீ. துளையை 50 மி.மீ. ஆழம் போட்டால் பசைக்குக் கிடைக்கும் சுவர் 1,250 சதுர மி.மீ.க்கு மேல்.

நடுவில் குடைந்தால் தடி பலவீனமாகாதா? தடியை யாரும் செங்குத்தாக ஊன்றுவதில்லை. சாய்த்து ஊன்றும்போது அது வளையப் பார்க்கிறது. ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், மையம் சும்மா இருக்கும். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஆகவே விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் துளை போட்டாலும் போகும் விறைப்பு 81-இல் ஒரு பங்குதான். பாதி விட்டத்துக்கே குடைந்தாலும் இழப்பு 16-இல் ஒன்று!

அதே கணக்கு மறுபக்கம் நம்மைக் கடிக்கும். துளைக்குள் மரை போட்ட இரும்புக் கம்பி வைக்கிறோம்; அது இருப்பது அந்தச் சும்மா இருக்கும் இடத்தில். இரும்பு தேக்கைப்போல் ஏறக்குறைய 16 மடங்கு விறைப்பு. இருந்தும் 8 மி.மீ. கம்பி, 24 மி.மீ. தடியில் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பைத்தான் தருகிறது. மிச்சத்தை வெளியிலிருந்து பிடிக்க வேண்டும். அதற்குத்தான் பூண். அலங்காரம் என்று பலர் நினைக்கும் அந்தப் பித்தளை வளையம், ஒரே ஒரு மி.மீ. கனத்தில் இணைப்பின் இருபுறமும் நீளமாக ஏறி நின்றால், தடியைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு. உலக்கைக்குப் பூண் போட்டவர்கள் மரம் பிளக்காமல் இருக்கப் போட்டார்கள். இங்கே அது வளைவையும் சுமக்கிறது.

பூணை மேல்துண்டில் நிரந்தரமாக ஒட்டிவிட்டு, கீழ்த்துண்டு அதற்குள் இறுக்கமாக நுழையும்படி கடைசல் பிடிக்க வேண்டும். எந்த மாதத்தில் கடைகிறோம் என்பதும் முக்கியம். பெங்களூரில் மழைக்கால மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். மார்ச்சில் வறண்டு சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதம் இறங்கினால் 24 மி.மீ. தேக்கு குறுக்கே 0.15 மி.மீ. அளவுக்கு ஒடுங்கும். பித்தளை அப்படியே இருக்கும். ஆகஸ்டில் கச்சிதமாக நுழைந்த தடி மார்ச்சில் ஒவ்வொரு எட்டுக்கும் லொடலொடக்கும்.