பேரேடு இல்லாத மின் நிலையம்

சங்கத்திற் புதிதாகச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர் பயிர்க்கடன் கேட்டால், புரட்டிப் பார்க்கப் பழைய கணக்கு இராது. அவருடைய நிலத்தையும், அண்டை நிலத்து விளைச்சலையும் கண்டே தொகை நிர்ணயிக்கப்படுகின்றது. புதிதாக நிறுவப்பட்ட சூரிய மின் நிலையத்தின் உற்பத்தியைக் கணிப்பதும் இத்தகையதே.

மின்சாரத்தின் வரவும் செலவும் கணந்தோறும் சமமாக நிற்றல் வேண்டும். ஆகவே நம் நாட்டில் ஒரு நாளைப் 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பகுத்து, பெரிய நிலையங்கள் தத்தம் உற்பத்தியை முன்கூட்டியே தெரிவிக்கின்றன. கணிப்பு வரம்பு மீறிப் பிசகினால் கட்டணம் செலுத்த நேரும். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ்க் கூட்டுறவுச் சங்கங்களும் தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்க இடமளிக்கப்பட்டது. ஆதலின் இப்பொருளை நம்மவர் அறிந்திருத்தல் நன்று.

பழைய நிலையத்தின் வெயில், வெப்பம், மேகம், உற்பத்தி ஆகிய கணக்குகளைக் கணினியிடம் ஒப்புவித்தால், அவற்றிடையே உள்ள தொடர்பை அது தானே கற்றுக்கொள்ளும். இதுவே இயந்திரக் கற்றல். புதிய நிலையத்திற்கோ கற்பிக்கக் கணக்கில்லை. அதற்கு வழி மூன்று.

முதலாவது, பலகைகளின் திறன், சாய்வு, திசை ஆகியவற்றை வானிலை அறிவிப்போடு சேர்த்துக் கணக்கிடுதல். சிலிக்கன் பலகை 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால், பாகைக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 சதவீதம் உற்பத்தி குறையும் என்பதும் இதில் அடங்கும். இரண்டாவது, பிற நிலையங்களிற் கற்றதை, ஒரு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வகுத்து இரவல் பெறுதல். மூன்றாவது, சொந்தக் கணக்குச் சேரச்சேர அந்த இரவல் அறிவைத் திருத்துதல்.

மூன்றாவதே முதன்மையானது எனக் கருதுகிறோம். கடற்கரையிற் கற்ற கணிப்பு, மலையடிவாரத்து மாலை மேகத்தை அறியாது. பலகையிற் படியும் தூசியையும் அயலிலுள்ள மரத்தின் நிழலையும் அறியாது.

ஆகவே முதல் நாள் தொட்டே கணக்கெழுதுக. மின்தடை, பழுது, பலகை கழுவிய நாள் யாவும் பதிவாதல் வேண்டும். இன்றேல் மின்தடையால் நேர்ந்த குறைவை மேகத்தால் வந்ததென்று கணினி கற்றுவிடும். கணிப்புக்கு விலை கொடுக்குமுன் ஓர் எளிய சோதனையும் செய்க. ‘நேற்றுப் போலவே இன்றும்’ என்னும் ஊகத்தை அக்கணிப்பு பல வாரங்கள் வெல்லுகின்றதா என ஒப்பிடுக. வெல்லாத கணிப்புக்குச் சங்கப் பணம் செலவாதல் தகாது.