குரலை அடையாளம் கண்ட பெண்

‘டெத் அண்ட் த மெய்டன்’ படத்தைப் பார்த்து முடித்தவர்களிடம் பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றுதான்: அந்த மருத்துவர் உண்மையிலேயே குற்றவாளியா?

சிலி நாட்டு எழுத்தாளர் ஏரியல் டோர்ஃப்மனின் மேடை நாடகத்தை ரோமன் பொலான்ஸ்கி 1994இல் படமாக்கினார். கண்கள் கட்டப்பட்ட நிலையில் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளான பவுலினா, ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு வந்த ஒருவரின் குரலில் தன்னை வதைத்தவரை அடையாளம் காண்கிறாள். அவரைக் கட்டிவைத்துத் தானே விசாரிக்கிறாள்.

நாடகம் விடை சொல்வதில்லை. இறுதியில் மேடையில் இறங்கும் கண்ணாடி, பார்வையாளர்களுக்கு அவர்களது முகத்தையே காட்டுகிறது. படத்திலோ மருத்துவர் கடலோரப் பாறை விளிம்பில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். உண்மை வெளிவந்தது என்று சிலர் ஆறுதல் அடையலாம். உயிருக்குப் பயந்து சொன்னது என்று சிலர் சந்தேகிக்கலாம்.

இந்த விவாதத்தில், பவுலினா ஏன் தானே விசாரணையில் இறங்கினாள் என்பது மறைந்துபோகிறது. சட்டத்தரணியான அவளது கணவர் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, இறந்தவர்களின் வழக்குகளை மட்டுமே விசாரிக்கும். உயிர் தப்பியவளுக்கு அங்கே இடமில்லை.

இது வெறும் கற்பனை அல்ல. சிலியில் 1990இல் அமைக்கப்பட்ட ரெட்டிக் ஆணைக்குழு, மரணத்திலோ காணாமல் ஆக்கப்படுவதிலோ முடிந்த மீறல்களையே ஆராய்ந்தது. சித்திரவதையிலிருந்து உயிர் பிழைத்தவர்களைப் பதிவுசெய்ய 2003இல் வலெக் ஆணைக்குழு வரவேண்டியிருந்தது. 2004இல் அது 27,000க்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றுக்கொண்டது.

ஆணைக்குழுக்களின் முன் மீண்டும் மீண்டும் சாட்சியம் சொன்ன நமக்கு, அவர் குற்றவாளியா என்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி எழும்: அவள் சொல்வதைக் கேட்க யார் இருந்தார்கள்?