தூக்கத்துக்கு மாற்று மருந்து இல்லை, டிரைவர் அண்ணா!

'தூக்கம் வரலை, மருந்து கொடுங்க' என்று என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். 'தூக்கமே வரக் கூடாது, அதுக்கு ஒரு லேகியம் கொடுங்க' என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். வயது நாற்பது இருக்கும்.

"குஜராத் லைன் ஓட்டறேனுங்க. கேபின்ல படுக்கை கிடையாது. கிளீனரும் இல்லை. சீட்டுல சாய்ஞ்சு கண்ணை மூடறதுதான் தூக்கம். போன வாரம் தொப்பூர் இறக்கத்துல கண்ணு சொக்கிப் போச்சு. பின்னால வந்தவன் ஹாரன் அடிக்கலேன்னா..." மேலே பேச முடியவில்லை அவரால்.

கூட வந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்கு வந்தாலும் செவுத்துல சாய்ஞ்சு, உக்காந்துக்கிட்டேதானுங்க தூங்கறாரு."

நான் லேகியம் கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா?

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம், தூக்கம்... இப்படி உடம்பு தானாக எழுப்புகிற 14 உணர்ச்சிகளை அடக்கினால் நோய் வரும் என்பது அதன் சாரம்.

லாரி டிரைவர் ஒரே ராத்திரியில் எத்தனையை அடக்குகிறார், எண்ணிப் பாருங்கள்! நிறுத்த இடமில்லை என்று சிறுநீரை அடக்குகிறார். சிறுநீர் வருமே என்று தாகத்தை அடக்குகிறார். லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணுமே என்று பசியை அடக்குகிறார். கடைசியாகத் தூக்கத்தை!

கல்லடைப்பு, மூலம், இடுப்புவலி என்று மற்றதெல்லாம் வைத்தியரிடம் வந்து சேரும். தூக்கத்தை அடக்கினால் வருவது வைத்தியரிடம் வராது. நேரே ரோட்டில் வந்து நிற்கும்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவருக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்போ 0.03 சதவீதம்தான். அதாவது, ஒரு சொட்டுக் குடிக்காமலே குடித்தவர் ஆகிவிடுகிறார்! 60 கிலோ மீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால், வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

டீ? அது தூக்கத்தைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். கடன் அப்படியே நிற்கும்.

படுக்கை இல்லாத வண்டியில்...

* விடியற்காலை 2 முதல் 5 மணி வரை உடம்பு தூங்கவே விரும்பும். அந்த நேரத்தில் வண்டியை ஓரம் கட்டுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில்.

* உட்கார்ந்தபடி தூங்கினால் ஆழ்ந்த தூக்கம் வராது. கழுத்து வலிக்கும், கால் வீங்கும். இறங்கி, பாயோ கயிற்றுக் கட்டிலோ போட்டுக் காலை நீட்டிப் படுங்கள். நிழலாக இருக்கிறதே என்று லாரிக்கு அடியில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

* கண் சொக்கினால் உடனே நிறுத்தி 20 நிமிஷம் தூங்குங்கள். எழுந்து முகம் கழுவி, கொஞ்சம் நடந்து, பிறகு ஓட்டுங்கள்.

* என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். புகை உள்ளே வந்தால் ஆபத்து.

* ராத்திரிக்கு இட்லி போல லேசான உணவு போதும். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

* எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று உடம்பு அசத்தும். அன்று ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். அமுக்கராச் சூரணம், சளி மாத்திரை போன்றவையும் தூக்கம் தரலாம். வைத்தியரிடம் தொழிலைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

* ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, பலத்த குறட்டையும் பகலில் அசதியும் இருந்தாலோ கஷாயம் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கால் வீக்கம் என்றால் அன்றைக்கே!

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் குளிர்காற்று படுக்கை ஆகிவிடாதே!

மூன்று மாதம் கழித்து அந்த டிரைவர் மறுபடி வந்தார். முகம் தெளிந்திருந்தது. "ஒரு கோரைப்பாய் வாங்கி வண்டியில போட்டிருக்கேனுங்க. லோடு அரை நாள் லேட்டாகுது. முதலாளி திட்டறாரு. திட்டட்டுமுங்க" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் லைனில் இருக்கிறாரா? ஓட்டும்போது போன் செய்யாதீர்கள். அவராக வண்டியை நிறுத்திவிட்டுப் பேசும்போது, 'எப்ப வருவீங்க?' என்று கேட்பதற்கு முன்னால், 'தூங்கினீங்களா?' என்று கேளுங்கள்!