உரத்தை நிறுத்தும் முன் கிணற்றைப் பாருங்கள்!

எங்கள் ஊர் விரிஞ்சிபுரம், பாலாற்றங்கரையில் இருக்கிறது. சொந்த நிலம் மூன்று ஏக்கர். நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டதிலிருந்து, யூரியா, பூச்சிமருந்து இல்லாமல் பயிர் வைக்கலாமே என்று என் வீட்டுக்காரரை நச்சரித்துக் கொண்டே இருந்தேன். என் மாமியாரோ, "மூட்டை கொறஞ்சா கடனை யாரும்மா கட்டறது?" என்றார். நியாயமான கேள்வி! அதனால் ஒரு ஏக்கரில் மட்டும் ஆரம்பித்தோம்.

முதல் வேலையாக, கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். ஆற்றின் மேல்பக்கம் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறு கெட்டது பற்றி, 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால், உரத்தை நிறுத்தி மட்டும் என்ன பயன்? நல்லவேளை, எங்கள் கிணற்றில் உப்பு கொஞ்சம்தான். உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதோம். பிறகு தொழு உரம் போட்டு, கேழ்வரகு நட்டோம்.

முதல் வருடம் இரண்டு மூட்டை குறைந்தது. ஆனால், உரக்கடை பாக்கி இல்லை. இரண்டாம் வருடம் மண் பொலபொலவென்று ஆகி, மண்புழு நெளிந்தது. அடுத்த ஏக்கருக்கு மாமியாரே விதை எடுத்து வைத்து விட்டார்!

தானியப் பயிருக்கு இயற்கை விளைபொருள் சான்று பெற, பொதுவாக இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்து பேராவது சேர்ந்தால், மத்திய அரசின் பி.ஜி.எஸ். திட்டத்தில் குழுவாகப் பதிவு செய்யலாம். அதுவரை சந்தையில் சாதா விலைதான் கிடைக்கும்.

எனவே சகோதரிகளே, தண்ணீரைச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள். அடுப்பும் அணையாது, மண்ணும் பிழைக்கும்!

- ஒரு வாசகி, விரிஞ்சிபுரம்.